பயோஸ் திரையா, விண்டோஸ் மென்பொருளா?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் உதிரிகளை வாங்கி, வெள்ளவத்தை வீட்டில் நானே பூட்டிய கணினி இது. 3200 வேகம் என்று எழுதியிருந்ததைப் பார்த்து வாங்கிய டிடிஆர்4 ரேம் 2133இல்தான் ஓடியது. ரேமில் குறை ஒன்றும் இல்லை. எக்ஸ்எம்பியை, அதாவது ரேமில் எழுதியிருக்கும் வேகத்தைத் தரும் அமைப்பை, நாமே இயக்கும்வரை மதர்போர்ட் அடிப்படை வேகத்தைத் தாண்டாது. சில ஏஎம்டி போர்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர்.

இதை மாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, விண்டோஸுக்குள்ளேயே இயங்கும் ரைசன் மாஸ்டர், இன்டெல் எக்ஸ்டியூ போன்ற மென்பொருள். மற்றது, கணினி தொடங்கும்போது டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி நுழையும் பயோஸ் திரை, அதாவது விண்டோஸ் வருமுன் மதர்போர்டே காட்டும் அமைப்புத் திரை.

மென்பொருள் வசதியானதுதான். வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே மாற்றலாம். நானும் அதில்தான் தொடங்கினேன். ஆசைப்பட்டு 3600க்கு ஏற்றினேன். மறுபடி தொடங்கியபோது திரை கறுப்பாகவே நின்றது. விண்டோஸ் வராதபோது அந்த மென்பொருளை எப்படித் திறப்பது?

எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒரு விஷயம்தான்: திரும்பி வரும் வழி. எந்த வழியாக மாற்றினாலும், மாட்டிக்கொண்டால் மீள்வது பயோஸ் பக்கத்தால்தான். பல போர்டுகள் சில தடவை முயன்றுவிட்டுத் தாமாகவே பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். என்னுடையது இறங்கவில்லை. சுவரிலிருந்து வயரைக் கழற்றி, மீதி மின்சாரம் போக பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, மதர்போர்டிலுள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டேன். கணினி எழுந்தது. போர்டில் சிமோஸை (பயோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடத்தை) அழிக்கும் இரண்டு பின்கள் இருந்தால் இன்னும் சுலபம்; கையேட்டில் இடம் காட்டியிருக்கும்.

ஆனால் அப்போது எல்லா அமைப்புகளும் அழிந்துபோகும், பூட் வரிசையும் விசிறி வேகமும் உட்பட. அதனால் இப்போது பயோஸுக்குள் போனதும் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். சேமிக்க எஃப்10 அழுத்தும்போது மாற்றங்களின் பட்டியல் வந்தால் அதை நிதானமாக வாசிக்கிறேன். நான் தொடாத வரி அதில் இருந்தால் சேமிக்காமல் வெளியேறிவிடுவேன்.

பயோஸிலும் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கூடாத இடங்கள் உண்டு. டிஸ்க் இணைப்புக்கான சாட்டா முறையை ஏஹெச்சிஐயிலிருந்து ரெயிடுக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடலாம். பழையபடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாதுகாப்புக்கான டிபிஎம், செக்யூர் பூட் பக்கம் போகுமுன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வையுங்கள். பயோஸை அப்டேட் செய்வது வேறு கதை. பாதியில் கரண்ட் போனால் பேட்டரியைக் கழற்றி மீள முடியாது.

மென்பொருளை நான் இரண்டு வாரம்தான் பயன்படுத்தினேன், மடிக்கணினியில் கைவைத்ததும் குறைவு. நான் சொல்வது மேசைக் கணினிக்கு மட்டும்.

அப்புறம் பயோஸிலேயே எக்ஸ்எம்பியைப் போட்டேன். ரேம் 1.35 வோல்ட்டில் 3200இல் ஓடுகிறது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இரவு முழுக்க ஓடியும் பிழை வரவில்லை. அந்த மென்பொருளை நீக்கவில்லை. வெப்பநிலை பார்க்க வைத்திருக்கிறேன்.