பணி ஓய்ந்த கப்பல்: ஓட்டுவதா, கட்டிவைப்பதா?

ஸ்காட்லாந்தின் கிளைடு கழிமுகத்தில் கோடைக்காலப் பயணிகளை ஏற்றிச் சென்ற சிறு நீராவிக் கப்பல்கள், சொந்த கார்களும் வெளிநாட்டு விடுமுறைகளும் பெருகியபோது ஆதரவை இழந்தன. 1947-இல் பணியைத் தொடங்கிய துடுப்புச் சக்கரக் கப்பல் வேவர்லி 1973-இலும், 1933-இல் கட்டப்பட்ட விசையாழிக் கப்பல் குயின் மேரி 1977-இலும் சேவையிலிருந்து விலக்கப்பட்டன.

வேவர்லியை 1974-இல் ஒரு பவுண்டு என்னும் பெயரளவு விலைக்குப் பெற்ற, பழைய துடுப்புச் சக்கரக் கப்பல்களைப் பேணும் சங்கம், மறு ஆண்டே அதைக் கடலில் ஓட்டியது. ஓடும் கப்பலுக்கோ உலர்துறையில் (நீர் வடித்த துறையில்) பழுதுபார்ப்பு, பாதுகாப்புச் சான்றிதழ், தேர்ந்த மாலுமிகள், எரிபொருள் எனச் செலவு ஓய்வதில்லை. கொதிகலன்களை மாற்ற வேண்டியிருந்ததால் 2019-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் பயணமே நடைபெறவில்லை. பொதுமக்களின் நன்கொடையும் அரசின் உதவியும் சேர்ந்தே அதை 2020-இல் மீட்டன. இருப்பினும், பயணிகள் கண்முன்னே இயந்திரத்தின் தண்டுகள் சுழல்வதைக் காண்பது வேறெந்த வழியிலும் கிட்டாத அனுபவம்.

குயின் மேரி 1988 முதல் 2009 வரை லண்டனில் தேம்ஸ் கரையோரம் கட்டிவைக்கப்பட்டு உணவகமாக நின்றது. இது செலவு குறைந்த வழிதான்; ஆயினும் வணிகம் நின்றதும் கப்பலைப் பேண எவரும் இல்லாமற்போகும் ஆபத்து இதில் மிகுதி. அதன்பின் தேம்ஸ் ஆற்றின் டில்பரி துறைமுகத்தில் சீரழிந்து கிடந்த அக்கப்பலை ஓர் அறக்கட்டளை மீட்டு, 2016-இல் கிளைடுக்கு இழுத்து வந்தது. பணம் திரட்ட முடியுமெனில் ஓட்டுவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. முடியாதபோது, கட்டிவைப்பது உடைப்புத் தளத்துக்கு அனுப்புவதைவிட நிச்சயம் மேல்.