காரைக்குடியில் இதயத்துடிப்பு வாட்ச் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அப்பச்சிக்கு வயது 62. பிரஷருக்கு மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறார்கள். தினமும் நடக்கச் சொன்ன டாக்டர், துடிப்பு 110-ஐத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் காரைக்குடியில் ஒரு கடையில் 2,400 ரூபாய்க்கு வாட்ச் வாங்கினேன். "ஆஸ்பத்திரி மிஷின் மாதிரி காட்டும்ணே" என்றார் கடைக்காரர். கூடவே, "220-ல வயசைக் கழிங்க, 158 வருதா? அதுவரைக்கும் தாராளமா போகலாம்" என்றார். கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்து நாளும் வாட்ச் 78-க்கும் 84-க்கும் நடுவிலேயே நின்றது. மாடி ஏறி இறங்கினாலும் 82. "மாத்திரை நல்லா கேக்குதப்பா" என்று அப்பச்சிக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தைரியத்தில் நடையை வேகமாக்கிவிட்டார்கள்.

பதினோராம் நாள் காலை, அழகப்பா பல்கலைக்கழகம் பக்கம் நடக்கும்போது பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பனியன் முழுக்க வியர்வை. வாட்சில் 81. எனக்கு மனசு கேட்கவில்லை. மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, போனில் நொடி பார்த்து எண்ணினேன். 15 நொடியில் 32. நான்கால் பெருக்கினால் 128! உட்கார வைத்தேன். மூச்சு சீராகப் பத்து நிமிடம் ஆனது. நேரே டாக்டரிடம் அழைத்துப் போனேன்; நல்லவேளை, பயப்படும்படி ஒன்றுமில்லை. 220 கணக்கைக் கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அது இதயத்தின் உச்சத் துடிப்புக்கான தோராயக் கணக்கு. அதுவரை ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. அதிலும் இந்த மாத்திரை துடிப்பைக் குறைத்து வைப்பது, இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது.

வீட்டுக்கு வந்து வாட்சின் அடிப்பக்கம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டிக் கையில் கட்டினேன். 79 காட்டியது. இந்த மாதிரி வாட்சுகள் பச்சை ஒளியைத் தோலுக்குள் விட்டு, ரத்த ஓட்டத்துக்கு ஏற்ப திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை வைத்துத்தான் துடிப்பை எண்ணும். வழியையே அடைத்த பிறகும் எண் வருகிறதென்றால், அது எங்கிருந்து வருகிறது? நல்ல வாட்சும் சில நேரம் தப்பும்; பட்டை தளர்ந்திருந்தால் காலடி வேகத்தையே துடிப்பென்று காட்டுவதும் உண்டு. ஆனால் டேப்புக்கு மேலே 79 காட்டுவது அந்த வகைத் தப்பு இல்லை.

கடைக்குத் திரும்பப் போனேன். டேப்பை ஒட்டி அவர் கண்ணெதிரிலேயே காட்டியும், "வித்த பொருளைத் திரும்ப எடுக்கிறதில்லைண்ணே" என்று முடித்துவிட்டார். அப்போதுதான் கையில் இருந்த தாளைச் சரியாகப் பார்த்தேன். அது பில்லே இல்லை. மேலே 'எஸ்டிமேட்' என்று போட்ட துண்டுச்சீட்டு. கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகம். ஆனால் அந்தக் கடையில்தான் வாங்கினேன் என்று காட்ட என்னிடம் உருப்படியான தாள் வேண்டுமே. ஜிபேயில் பணம் போன பதிவு இருக்கிறது. அதை வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அப்பச்சிக்கு நெஞ்சுப் பட்டை வாங்கியிருக்கிறோம். இது ஈசிஜி மாதிரி இதயத்தின் மின்துடிப்பையே பிடிப்பது. உள்பக்கத்தைத் தண்ணீர் தொட்டு ஈரமாக்கி, மார்புக்குக் கீழே இறுக்கமாகக் கட்ட வேண்டும். காய்ந்திருந்தால் எண் தாறுமாறாக ஓடும். வாங்கும்போதே கடையில் கட்டிப் பார்த்து, அப்பச்சி கையைப் பிடித்து 30 நொடி எண்ணி, இரண்டால் பெருக்கிச் சரிபார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். ஜிஎஸ்டி பில்லும் வாங்கிவிட்டேன்.