மொபைல் விளம்பர மோசடி: உடனே தடுப்பதா, பிறகு பணத்தைத் திரும்பக் கேட்பதா?

நிறுவல் ஒன்றுக்கு இவ்வளவு என்று விளம்பர நெட்வொர்க்குகளுக்குப் பணம் கொடுத்துச் செயலியைப் பரப்புவோர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒவ்வொரு நிறுவலையும் பதிவாகும் நொடியிலேயே சோதித்துப் போலியை நிராகரிப்பது ஒன்று. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, மாத இறுதியில் பதிவுகளை அலசி, போலிக்குக் கொடுத்த தொகையைத் திரும்பக் கேட்பது மற்றொன்று. எங்கள் செயலிக்கு முதல் வழியைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உடனடித் தடுப்புக்குக் கட்டணம் உண்டு, அதற்காகச் செயலிக்குள் சேர்க்கும் நிரல் தொகுப்பான எஸ்டிகேயையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மாத இறுதிப் பின்னாய்வுக்குத் தரவு தெரிந்த ஒருவரும், நெட்வொர்க்கோடு மல்லுக்கட்டும் பொறுமையும் வேண்டும்.

நிறுவல் யார் கணக்கில் சேர்கிறது என்பதே என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி. நிறுவலுக்கு முன் கடைசியாக வந்த விளம்பரக் கிளிக்குக்கே, அதாவது அதைத் தந்த நெட்வொர்க்குக்கே பலன் என்ற விதியைத்தான் கிளிக் இன்ஜெக்ஷன் என்ற மோசடி பயன்படுத்திக்கொள்கிறது: ஆண்ட்ராய்டு போனில் ஏற்கெனவே புகுந்திருக்கும் தீய செயலி, வேறொரு செயலி இறங்குவதை மோப்பம் பிடித்து, அது முதன்முறை திறக்கப்படுவதற்குள் ஒரு போலிக் கிளிக்கை அனுப்பிவிடும். கூகுள் 2017இல் வெளியிட்ட பிளே இன்ஸ்டால் ரெஃபரர் ஏபிஐ (பிளே ஸ்டோரிடமிருந்து நிறுவல் விவரங்களைச் செயலி கேட்டுப் பெறும் வழி), நிறுவல் தொடங்கிய நேரத்தைத் தருவதால் இந்தத் திருட்டு ஒரே வரியில் அம்பலமாகிவிடுகிறது. நிறுவல் தொடங்கியது 10:42:07, கிளிக் வந்தது 10:42:19 என்று பதிவில் இருந்தால், அந்தக் கிளிக் நிறுவலுக்குக் காரணமாக இருக்கவே முடியாது. உடனே தடுத்தால், பலன் அதற்கு முந்தைய உண்மையான கிளிக்குக்குப் போகிறது. அப்படி ஒன்று இல்லையெனில், விளம்பரமின்றித் தானாக வந்த பயனராக அவர் பதிவாகிறார். பிறகு கேட்டால் பணம் திரும்பலாம். ஆனால் அந்த மாதம் முழுவதும் டாஷ்போர்டில் திருடிய நெட்வொர்க்கே முதலிடத்தில் நின்றிருக்கும், அதை நம்பிப் பட்ஜெட்டை அதன் பக்கம் திருப்பி, நேர்மையான நெட்வொர்க்கின் பங்கைக் குறைத்திருப்போம். அந்த முடிவுகளை, பணத்தை ஈடுசெய்து நெட்வொர்க் தரும் எந்தக் கிரெடிட் நோட்டும் மாற்றாது.

பின்னாய்வைத் தேவையற்றது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கண்டபடி போலிக் கிளிக்குகளைக் கொட்டிவிட்டு, யாராவது தானாகவே செயலியை நிறுவும்வரை காத்திருக்கும் கிளிக் ஃப்ளடிங் மோசடியில், ஒவ்வொரு பதிவும் தனித்துப் பார்த்தால் ஒழுங்காகவே தெரியும். உண்மையான நிறுவல்களில் பெரும்பாலானவை கிளிக்குக்குப் பிறகு முதல் சில மணி நேரத்திலேயே குவிய, இவை பல நாட்களுக்குச் சீராகப் பரவிக் கிடக்கும்; அந்தப் பரவல் மொத்தமாக வைத்துப் பார்க்கும்போதுதான் புலப்படுகிறது.

ஐஓஎஸ் தளத்தில் என் அனுபவம் குறைவு. அங்கே விளம்பரம் வழி வரும் நிறுவல்களைக் கணக்கிடும் ஆப்பிளின் ஏற்பாடான எஸ்கேஅட்நெட்வொர்க் அனுப்பும் நிறுவல் அறிவிப்பில் ஆப்பிளின் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதால் போலி அறிவிப்பை உருவாக்குவது கடினம். ஆனால் அறிவிப்பு தாமதமாக வருவதாலும், பயனர் வாரியான விவரம் இல்லாததாலும் மேலே சொன்ன நேரக் கணக்கு அங்கே பொருந்தாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், எவையெல்லாம் போலி நிறுவலாகக் கருதப்படும், யாருடைய பதிவு இறுதியானது என்பவற்றை விளம்பரம் தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்; அது இல்லாவிட்டால், நிராகரித்த நிறுவல்களுக்கும் சேர்த்தே பில் வரும்.