உள்நாட்டு விமானங்களின் பிசினஸ் இருக்கை: அங்குலக் கணக்கும் நிமிடக் கணக்கும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பறக்கும் விமானம் வானில் இருப்பது ஏறக்குறைய நாற்பது நிமிடம். மேலேறும் நேரத்தையும், தரையிறங்குவதற்காக இருக்கையை நிமிர்த்தி வைக்க வேண்டிய நேரத்தையும் கழித்துவிட்டால், சாய்ந்துகொள்ளக் கிடைப்பது பதினைந்து, இருபது நிமிடங்கள்தாம். அத்தடத்தில் ஒருமுறை முன்வரிசையில் அமர்ந்து சென்றபோது, பீங்கான் கோப்பையில் வந்த காபி ஆறுவதற்குள் தரையிறங்கும் அறிவிப்பு வந்துவிட்டது. பாதிக் காபியோடு கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். எத்தனை அங்குலம் சாய்கிறது என்று விளம்பரம் சொல்வதை, எத்தனை நிமிடம் சாயலாம் என்ற கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால்தான் உள்நாட்டு விமானங்களின் பிசினஸ் இருக்கைகளை ஒப்பிடுவதில் பொருள் உண்டு.

இந்திய உள்நாட்டுத் தடங்களில் இன்று நேருக்கு நேர் நிற்பவை முதன்மையாக இரண்டு. ஒன்று, 2024 நவம்பரில் டெல்லி–மும்பை தடத்தில் இண்டிகோ தொடங்கிய 'ஸ்ட்ரெச்'; மற்றொன்று, ஏர் இந்தியாவின் ஏ320 நியோ விமானங்களில் உள்ள பிசினஸ் வகுப்பு. ஸ்ட்ரெச்சில் மூன்று வரிசைகளில் 12 இருக்கைகள். ஓர் இருக்கைக்கும் அதன் முன்னிருக்கைக்கும் இடையிலான வரிசை இடைவெளி 38 அங்குலம், சாய்வு 5 அங்குலம். ஏர் இந்தியாவில் இரண்டே வரிசைகள், 8 இருக்கைகள். இடைவெளி 40 அங்குலம், சாய்வு 7 அங்குலம், கூடவே ஒரு கால்தாங்கி. சாதாரண வகுப்பில் இந்த இடைவெளி பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இரண்டு நிறுவனங்களுக்கும் இடையிலான 2 அங்குல வேறுபாடு எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

அகலத்தில் எந்த நிறுவனமும் தனி வித்தை காட்டிவிட முடியாது. ஏர் இந்தியாவின் ஏ320, ஸ்ட்ரெச் உள்ள ஏ321 இரண்டும் ஏர்பஸ் நிறுவனத்தின் ஒரே குடும்பத்து விமானங்கள். இரண்டிலும் உட்புற அகலம் ஏறத்தாழ 3.7 மீட்டர். சாதாரண வகுப்பில் ஆறு பேர் பகிர்ந்துகொள்ளும் அந்த அகலத்தை முன்பகுதியில் நால்வர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஸ்ட்ரெச் இருக்கையின் அகலம் 21.3 அங்குலம் என்று இண்டிகோ சொல்கிறது; மற்றவர்களும் அதையொட்டியே நிற்க வேண்டியிருக்கும். என் பார்வையில், ஒன்றரை மணி நேரத்துக்குட்பட்ட பயணத்தில் பணம் கொடுக்கத் தகுந்த ஒரே பொருள் இந்த அகலம்தான். பக்கத்திலிருப்பவரின் தோள் நம் தோளில் இடிக்காது, கைப்பிடிக்காக முழங்கையால் மௌனப் போர் நடத்த வேண்டியதில்லை, மடிக்கணினியைத் திறந்தால் கைகளை விலாவோடு ஒடுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஐரோப்பாவின் குறுந்தூர விமானங்கள் பலவற்றில் சாதாரண இருக்கையையே போட்டு, நடு இருக்கையை மட்டும் காலியாக விட்டு, அதற்கு பிசினஸ் வகுப்பு என்று பெயரிட்டு விற்கிறார்கள். நம்மவர்கள் கேலி செய்யும் ஏற்பாடு அது. ஆனால் குறும்பயணத்தில் பயணி உண்மையில் எதை வாங்குகிறார் என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

சென்னை–டெல்லி போன்ற மூன்று மணி நேரத்தை நெருங்கும் தடங்களில் கணக்கு மாறுகிறது. அங்கே சாய்வதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும்; ஏழு அங்குலச் சாய்வும் கால்தாங்கியும் இடுப்புக்குத் தரும் ஓய்வை, கால்தாங்கி இல்லாத இருக்கையால் தர இயலாது. ஆனால், நகரும் பாகங்கள் கூடக்கூடப் பழுதும் கூடும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் பழைய விமானத்தில் என் கால்தாங்கி மேலே வந்ததோடு சரி, இறங்க மறுத்துவிட்டது. தரையிறங்கும் நேரத்தில் பணிப்பெண் மண்டியிட்டு இரு கைகளாலும் அதை அழுத்தி மூட வேண்டியதாயிற்று. எளிய அமைப்புள்ள இருக்கைக்கும் ஒரு மதிப்பு உண்டென்று அதன்பின் ஒத்துக்கொண்டேன்.

இருக்கை எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் தவறுவது முதல் வரிசையில்தான். எதிரே சுவர் மட்டும் இருப்பதால் முன்னால் இருப்பவர் நம்மேல் சாய மாட்டார் என்பது உண்மை. ஆனால் முன்னிருக்கை இல்லாத இடத்தில் அதன் அடியில் காலை நீட்டவும் வழியில்லை; புறப்படும்போதும் இறங்கும்போதும் கைப்பையை மேலே வைத்தாக வேண்டும்; மடக்கு மேசை கைப்பிடிக்குள்ளிருந்து வர வேண்டியிருப்பதால் அந்தக் கைப்பிடியை உயர்த்த முடியாது. குழந்தையை மடியில் சாய்த்துக்கொள்ள நினைப்பவருக்கு இது பெரிய இடைஞ்சல். ஸ்ட்ரெச்சில் இரண்டாம் வரிசையே என் தேர்வு. ஏர் இந்தியாவில் இருப்பதே இரண்டு வரிசைகள் என்பதால் இரண்டாவதில் இடம் கிடைப்பது முந்திக்கொள்பவருக்குத்தான்.

இருக்கைக்கு வெளியே ஏர் இந்தியாவுக்குத் தெளிவான ஒரு மேலீடு உண்டு. அதன் பிசினஸ் பயணச்சீட்டில் விமான நிலைய ஓய்வறையான லவுஞ்சுக்கு அனுமதி அடங்கும். ஸ்ட்ரெச் அறிமுகமானபோது அந்த வசதி அதில் சேரவில்லை. வானில் நாற்பது நிமிடமும் நிலையத்தில் ஒன்றரை மணி நேரமும் கழிக்கும் பயணிக்கு, லவுஞ்சில் உள்ள நாற்காலிதான் உண்மையான பிசினஸ் இருக்கை என்றுகூடச் சொல்லலாம்.

கட்டணத்தோடு வரியையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சாதாரண வகுப்பு தவிர்த்த விமானப் பயணத்துக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. சாதாரண வகுப்புக்கு அது 5 சதவீதமாகவே நீடிக்கிறது. 10,000 ரூபாய் அடிப்படைக் கட்டணத்தில் சாதாரண வகுப்புப் பயணி 500 ரூபாயும் பிசினஸ் பயணி 1,800 ரூபாயும் வரியாகத் தருகிறார்கள். இதில் அதிகம் இழப்பவர், சாதாரண வகுப்புக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமி வகுப்பின் பயணி என்பேன். ஏர் இந்தியாவின் ஏ320 நியோவில் அந்த வகுப்பின் வரிசை இடைவெளி 32 அங்குலம். ஆனால் ஒரு வரிசைக்கு ஆறு பேர் என்பது மாறவில்லை. முழங்காலுக்குச் சற்று இடம், தோளுக்கு ஒன்றுமில்லை. முழங்கால்தான் பிரச்சினை என்றால் சாதாரண வகுப்பின் அவசர வழி வரிசையைக் கூடுதல் பணம் கட்டி வாங்குவது மேல்.

விஸ்தாரா விமான நிறுவனம் 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது வந்த ஏ321 நியோ விமானங்களில் முழுதும் கட்டிலாக விரியும் 12 இருக்கைகள் உண்டு. அவை எப்போதாவது உள்நாட்டுத் தடத்துக்கு வரும். பதிவு செய்யும்போது விமான வகையைப் பார்த்து, அதே கட்டணத்தில் கிடைத்தால் மறுயோசனை இன்றி எடுக்கலாம். மற்றபடி, பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ செல்லும்போது இரண்டில் எது மலிவோ அதை எடுக்கிறேன். டெல்லியிலிருந்து இரவு விமானத்தில் திரும்பும்போது மட்டும், கால்தாங்கி உள்ளதற்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தரத் தயங்குவதில்லை.