மகஜரை எழுத்துக்கூட்டிப் படிக்கும் வக்கீல் (5-க்கு 4 ஸ்டார்)

அக்கா மகன் கஞ்சா கேஸில் ரிமாண்ட் ஆனதும் மதுரையில் ஆளாளுக்கு ஒரு வக்கீலைச் சொன்னார்கள். முதலில் பார்த்தவர் பேப்பரைக்கூடத் திறக்கவில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைச் (NDPS) சொல்லி, "செக்‌ஷன் 50 ஃபாலோ பண்ணல, பெயில் கன்ஃபர்ம்" என்று அட்வான்ஸ் கேட்டார். அடுத்துப் போனது கோர்ட் பக்கம் மாடியில் இருக்கும் ஓர் ஆபீஸ். இந்த ரிவ்யூ அவருக்குத்தான். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி, அதனால் பெயர் போடவில்லை.

எஃப்ஐஆர், மகஜர் (சரக்கைப் பிடித்த இடத்தில் போலீஸ் எழுதும் பதிவு), ரிமாண்ட் ரிப்போர்ட் மூன்றும் இல்லாமல் போனால் உட்காரவே சொல்ல மாட்டார். கொடுத்தால் நம் எதிரிலேயே பென்சிலோடு வரி வரியாகப் படிப்பார். நான் செக்‌ஷன் 50 என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அண்ணாச்சி, அது உடம்பைச் சோதனை போடுறதுக்கு. மாஜிஸ்திரேட் முன்னாலயோ கெஜட்டட் ஆபீசர் முன்னாலயோ சோதனை கேட்கிற உரிமை இருக்குன்னு பிடிபட்டவன்கிட்ட சொல்லணும், அதைக் கறாரா செய்யணும்னு 2010-ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கு. ஆனா இங்க சரக்கு இருந்தது கட்டிலுக்கு அடியில, சாக்குல. பை, மூட்டைக்கெல்லாம் 50 பொருந்தாதுன்னு 2005-லயே தீர்ப்பு இருக்கு." முதல் ஆள் வாங்கவிருந்த அட்வான்ஸ் அந்த நிமிடமே எனக்கு மிச்சம்.

அவர் பிடித்தது அதே சட்டத்தின் 42-ஐ. சோதனைக்குப் போகும் அதிகாரி வந்த தகவலை எழுதி வைத்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். வாரன்ட் இல்லாமல் ராத்திரியில் வீடு புகுந்தால் ஏன் காத்திருக்க முடியவில்லை என்ற காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். எங்கள் பேப்பரில் அந்தக் காரணம் இல்லை. நகல் தாமதமானால் விளக்கம் சொல்லித் தப்பிக்கலாம், அடியோடு செய்யாமல் விட்டால் தப்பிக்க முடியாது என்று 2009 தீர்ப்பை எடுத்துக் காட்டினார். கூடவே, "இதுக்காக மட்டும் பெயில் கிடைச்சிடும்னு நினைக்காதீங்க" என்றும் சொன்னார். 52ஏ-படி பிடித்த சரக்கிலிருந்து மாதிரி எடுப்பதில் குறை இருந்தால் அது ஒன்றே ஜாமீனுக்குக் காரணமாகாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். அரசுத் தரப்பு எல்லாக் குறைக்கும் அதையே நீட்டுவார்களாம்.

பெரிய தடை செக்‌ஷன் 37. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் கமர்ஷியல் குவான்டிட்டி (வியாபார அளவு). அப்போது ஜாமீன் தர, பையன் குற்றம் செய்யவில்லை, வெளியே வந்தாலும் செய்ய மாட்டான் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். எங்கள் மகஜரில் 20 கிலோ 700 கிராம். வக்கீல் பென்சிலை வைத்துவிட்டு, "ரெண்டு சாக்கு என்ன எடை வரும்?" என்று என்னிடம் கேட்டார். என்னை மாதிரி மளிகைக் கடைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது! சாக்கைக் கழிக்காமல் அரிசி விற்றால் வாடிக்கையாளர் விடுவாரா? இரண்டு சணல் சாக்கே ஒரு கிலோவுக்கு மேல். கழித்தால் 20-க்குக் கீழே, 37 குறுக்கே வராது. மகஜரில் நிகர எடை என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஸ்பெஷல் கோர்ட்டில் டிஸ்மிஸ். சோதனையில் குறை இருந்தால் விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இதை அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அக்காதான் இடிந்து போனாள். பிறகு ஹைகோர்ட் மதுரைக் கிளையில் கிடைத்தது. ஆர்டரில் எடைச் சந்தேகமும், அறை வேறொருவன் பெயரில் இருந்ததும், பையன் மேல் பழைய கேஸ் இல்லாததும் வந்தன. 42 பற்றி ஒரே வரிதான். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து, இரண்டு ஜாமீன்தாரர்.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன்? போன் எடுக்கவே மாட்டார். ஜூனியர் தம்பி நல்ல பையன், ஆனால் எதைக் கேட்டாலும் "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்". ஃபீஸ் போக டைப்பிங், நகல், ஜாமீன்தாரர் பேப்பர் என்று தனித்தனியாக வாங்குகிறார்கள். முதல் நாளே மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் இன்னும் முடியவில்லை, விசாரணைக்கும் அவரிடமே வக்காலத்து கொடுத்திருக்கிறோம். "பெயில் உறுதியா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார், எழுந்து போகச் சொல்லிவிடுவார்.