தொங்குவதா, தரையில் நிற்பதா?
சுவரில் தொங்கும் வால் ஹங் கம்மோடில் எனக்குப் பிடித்தது, அடியில் மாப் தடையில்லாமல் போகும், தரைக் கம்மோடின் அடியில் பூசிய வெள்ளை சிமெண்ட் மஞ்சளாகி நாறுமே, அந்தத் தொல்லை கிடையாது. முழங்கால் வலிக்கும் அம்மாவுக்கு ஏற்ற உயரத்தில் மாட்டியும் கொள்ளலாம். சரி, செலவு? டேங்க் சுவருக்குள், தாங்க இரும்பு ஃபிரேம், நாலரை இஞ்ச் சுவரை மட்டும் நம்பாமல் தரையிலும் போல்ட் போட வேண்டும். அப்புறம் போர் தண்ணீர் உப்பு வால்வில் படிந்தால், ஃபிளஷ் பிளேட்டைக் கழற்றி அந்தச் சின்ன ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவணும். தரைக் கம்மோடில் டேங்க் மூடியைத் தூக்கினால் வேலை முடிந்தது. பழைய வீட்டில் கழிவுக் குழாய் தரை வழியாகப் போகிறதா? தொங்குவதற்காக அதைச் சுவர் வழியாக மாற்ற உடைக்கிற செலவை நினைத்து நான் அங்கே தரைக் கம்மோடையே போடுவேன், புது வீட்டுக்குத்தான் தொங்குவது.