செப்சிஸ் பயம்: மரபணுப் பரிசோதனையா, ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனையா?

தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி, தன் உறுப்புகளையே பாதிக்கும் நிலைதான் செப்சிஸ். எலிக்காய்ச்சல் போன்ற தொற்று முற்றினாலும் அது வரலாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. குடும்ப மரபணுவை முன்கூட்டியே பார்த்து வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது.

மரபுக்குப் பங்கு உண்டு, நிச்சயமாக. 1988இல் வெளியான டென்மார்க் ஆய்வில், பெற்ற தாயோ தந்தையோ 50 வயதுக்கு முன் தொற்றால் இறந்திருந்தால், தத்துப்போன பிள்ளையும் தொற்றால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ 6 மடங்கு. பிள்ளை வளர்ந்ததோ வேறு வீட்டில்!

நேரம்: மரபணு முடிவுக்கு வாரங்கள் ஆகலாம். கடும் நோயில் இரத்தத்தில் கூடும் லக்டேட் என்ற பொருளின் அளவு நிமிடங்களில் தெரியும், இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ஓரிரு நாள்.

செலவு: முன்னது பெரும்பாலும் உங்கள் காசு. பின்னது அரச ஆஸ்பத்திரியில் இலவசம்.

பயன்: நோய் எதிர்ப்போடு தொடர்புடைய டிஎல்ஆர்4, டிஎன்எஃப் மரபணுக்களின் மாறுபாடுகள் அழற்சியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் ஓர் ஆய்வு கண்ட தொடர்பு பல நேரம் அடுத்த ஆய்வில் நிற்பதில்லை. அதை வைத்து மருந்தை மாற்றவும் முடியாது. லக்டேட் ஆபத்தைக் காட்டும், கிருமி வளர்ந்தால் கல்ச்சர் சரியான ஆன்டிபயாட்டிக்கைக் காட்டும்.

பிள்ளைக்குக் கடும் தொற்று திரும்பத் திரும்ப வருகிறதா? அப்போது மரபணுப் பரிசோதனை பற்றி நிபுணரிடம் கட்டாயம் கேளுங்கள். காய்ச்சலோடு மூச்சு வாங்கல், தடுமாற்றம், சலம் குறைதல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே கல்ச்சருக்கு இரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குவார்கள்.